ஸ்டிரப் இல்லாத பீம்: சோதனையில் 118 கே.என். (கிலோநியூட்டன்), மாடலில் 196. எங்கே பிசகு?

பாளை_பீம்:

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உடைத்துப் பார்த்த பீம் ஒன்றை அபாகஸில் (கட்டமைப்பைச் சின்னச் சின்ன எலிமெண்டா, அதாவது துண்டா, பிரிச்சுக் கணக்குப் போடுத மென்பொருள்) மாடல் செய்யுதேன். சோதனையும் மாடலும் ஒட்டவே மாட்டேங்குது. விவரம் முழுசா தாரேன், பார்த்துச் சொல்லுங்க.

பீம் 200 அகலம், 350 ஆழம், நீளம் 2700, சப்போர்ட்டுக்கு சப்போர்ட் 2400 (எல்லாம் மி.மீ.). ரெண்டு இடத்தில் லோடு. ஒவ்வொன்றும் சப்போர்ட்டில் இருந்து 900 தள்ளி, நடுவில் 600. அடியில் 20 எம்.எம். கம்பி 3, எஃப்.இ. 500. மேல்முகத்தில் இருந்து கம்பி மையம் வரைக்கும் 310. ஷியரில் (சாய்வா வெட்டுப்பட்டு) உடையணும்னே ஸ்டிரப் (கம்பியைச் சுற்றிக் கட்டுத வளையம்) போடாம விட்டிருக்கு. கலவை எம்25, 20 எம்.எம். ஜல்லி, எம்-சாண்ட். சோதனை அன்னைக்கு உடைத்த கியூபின் (கான்கிரீட் கனசதுரம்) சராசரி 35 மெகாபாஸ்கல்.

சோதனையில் முதல் விரிசல் நடுப்பகுதியில், மொத்த லோடு 25 கே.என். வாக்கில் தெரிஞ்சது. 118-இல் இடது பக்கம் சாய்வு விரிசல் ஒரே மூச்சில் லோடு பிளேட் வரைக்கும் ஏறி பீம் போயிட்டு.

மாடலில் 50 மெஷ் (எலிமெண்ட் அளவு 50 மி.மீ.) போட்டா உச்ச லோடு 196, 25 மெஷ்ஷுக்கு 171. 12.5 போட்டா பாதியிலேயே நின்னுடுது. சாய்வு விரிசல்னு தனியா எதுவும் தெரியல, அடிப்பக்கம் முழுக்க ஒரே சிவப்பு.

நான் கொடுத்தது: சி.டி.பி. மாடல் (கான்கிரீட் விரிசல் விட்டுச் சேதமாவதைக் காட்டுதது), சி3டி8ஆர் எலிமெண்ட் (எட்டு நோடு, அதாவது மூலைப்புள்ளி, உள்ள கட்டி). இழுவை வலிமை 3.5 (இந்தியக் கான்கிரீட் விதி ஐ.எஸ். 456 சொல்லுத 0.7 பெருக்கல் எஃப்.சி.கே., அதாவது கலவை வலிமை 25-இன், வர்க்கமூலம்). இழுவைச் சரிவு ஒரு எக்செல் தாளில் இருந்து எடுத்தது, ஸ்ட்ரெயின் (நீட்சி விகிதம்) 0.001-இல் பூச்சியமாகுது. டைலேஷன் (புடைப்பு) கோணம் 38, விஸ்காசிட்டி (கணக்கு முட்டாம இருக்கச் சேர்க்குத பிசுக்கு) 0.005. கம்பி எம்பெடட் (கான்கிரீட்டோட ஒட்டினது). ரெண்டு சப்போர்ட்டிலும் அடி நோடுகளை எல்லாத் திசையிலும் பூட்டியிருக்கேன். லோடு, மேல் நோடுகளில் விசையா கொடுத்தது.

இது ஒட்டிட்டா, இதே செட்டிங்கை இராதாபுரம் பக்கம் ஒரு காற்றாலை அடித்தளத்துக்குப் போடலாம்னு எண்ணம்.


கரிசல்_கான்கிரீட்:

தம்பி, மற்றதை எல்லாம் தொடுவதற்கு முன்னால் இழுவைப் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். மெஷ் மாறும்போது விடை மாறுவது அங்கிருந்துதான் வருகிறது.

உங்கள் எக்செல் தாளின் கோடு ஒரு முக்கோணம். உயரம் 3.5, அடி 0.001. பரப்பு 0.00175. இது ஒரு கன மி.மீ. கான்கிரீட்டைக் கிழிக்கச் செலவாகும் ஆற்றல். ஆனால் விரிசல் கன அளவில் பரவுவதில்லை, ஒரே வரிசை எலிமெண்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். ஆகவே ஒரு சதுர மி.மீ. விரிசல் முகத்துக்கு மாடல் கேட்கும் ஆற்றல் 0.00175 பெருக்கல் எலிமெண்ட் அகலம். 50 மெஷ்ஷுக்கு 0.0875 நியூட்டன்/மி.மீ., 25-க்கு 0.044, 12.5-க்கு 0.022. மெஷ்ஷை நுணுக்க நுணுக்கக் கான்கிரீட் கண்ணாடி போல நொறுங்கத் தொடங்கும். 12.5-இல் நின்றுபோனதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இந்த முறிவு ஆற்றல் கலவையின் குணம், மெஷ்ஷின் குணம் அல்ல. 1976-இல் ஹில்லர்போர்க் குழு இதை விரிசல் திறப்பு அகலத்தோடு இணைத்தது. 1983-இல் பசான்டும் ஓவும் அதையே எலிமெண்ட் அகலத்தில் பரப்பி எழுதும் வழியைக் கொடுத்தார்கள். அபாகஸில் இதற்கு நீங்கள் செய்யவேண்டியது, இழுவை அட்டவணையை ஸ்ட்ரெயினாகக் கொடுக்காமல் இடப்பெயர்ச்சியாக, அதாவது விரிசல் அகலமாகக் கொடுப்பது. அப்போது எலிமெண்ட் அளவை நிரலே கணக்கில் எடுத்துக்கொள்ளும். எலிமெண்ட் கனசதுரத்துக்கு நெருக்கமாக இருக்கவேண்டும். 25-க்கு 25-க்கு 100 என்று நீட்டினால் அந்த நீளம் தவறாக வரும்.

அடுத்தது 3.5. அது மாடுலஸ் ஆஃப் ரப்சர், வளைத்து உடைத்து எடுத்த எண். நேர் இழுவை வலிமை அல்ல. உங்கள் கியூப் சராசரி 35 என்றால் சிலிண்டர் (கான்கிரீட் உருளை) சராசரி ஏறக்குறைய 28. மாடல் கோட் (கான்கிரீட்டுக்கான பன்னாட்டு மாதிரி விதித்தொகுப்பு) கணக்கில் அதில் 8 கழித்தால் 20. அதன் மூன்றில் இரண்டு அடுக்கை 0.3-ஆல் பெருக்கினால் 2.2 மெகாபாஸ்கல். மாடலுக்குள் போகவேண்டியது இந்த 2.2.

‘குறைத்துவிட்டால் முதல் விரிசல் சீக்கிரம் வந்துவிடுமே’ என்று தோன்றும். வராது. 350 ஆழமுள்ள பீமின் அடியில் விரிசல் விழத் தொடங்கியதும் அங்கே இழுவை உடனே பூச்சியத்துக்குப் போவதில்லை, கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். அதனால் வளைவில் வெளிப்படும் வலிமை 2.2-ஐவிட மேலே வரும். மாடல் கோட் 2010-இன் ஆழத் திருத்தத்தைப் போட்டால் 350-க்கு 2.8 கிடைக்கிறது. மோமெண்ட் 11.5 கே.என்.மீ., மொத்த லோடு ஏறக்குறைய 25 கே.என். நீங்கள் சோதனையில் பார்த்ததும் அதே 25. 3.5-ஐக் கொடுத்தால் இந்தக் கூடுதலை மாடலுக்கு இரண்டு முறை கொடுத்ததாகிவிடும்.

இனி ஆற்றலின் அளவு. மாடல் கோட் 2010: 28-இன் 0.18 அடுக்கை 73-ஆல் பெருக்க 133 நியூட்டன்/மீ., அதாவது 0.133 நியூட்டன்/மி.மீ. 1990-இன் பழைய வாய்ப்பாடு ஜல்லி அளவையும் பார்க்கும். 20 எம்.எம்.-க்கு 0.07 அருகில் வரும். ஏறக்குறைய பாதி. ஸ்டிரப் இல்லாத பீமில் விடை இந்த எண்ணுக்கு நேரடியாக அசையும். ஆகவே இரண்டையும் ஓட்டி இரண்டு விடைகளையும் அறிக்கையில் எழுதுங்கள். சோதனைக்கு ஒட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைக்காதீர்கள்.

ஹோர்டெய்க் வளைவில் (விரிசல் விரிய விரிய இழுவை குறையும் கோடு) 0.133-க்கும் 2.21-க்கும் அட்டவணை: அகலம் 0-இல் 2.21, 0.031-இல் 1.13, 0.062-இல் 0.66, 0.124-இல் 0.35, 0.186-இல் 0.20, 0.248-இல் 0.08, 0.31-இல் 0.02. கடைசியில் பூச்சியம் போடாமல் ஒரு சதவீதம் விட்டுவைத்தால் கணக்கு தடுமாறாது. ஒரே திசையில் ஏறும் லோடுக்கு டேமேஜ் அட்டவணையை முதலில் விட்டுவிடுங்கள். சக்திக்கு அது கிட்டத்தட்டத் தேவையில்லை. தவறாகக் கொடுத்தால் பிளாஸ்டிக் ஸ்ட்ரெயின் (திரும்பாத நீட்சி) குறைக்குறியாகிப் பிழைச்செய்தி வரும்.


பேட்டை_மெஷ்:

கரிசல் அண்ணாச்சி சொன்னது மெஷ் சங்கதிக்குச் சரி. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? உங்க 25 மெஷ்ஷில் ஆற்றல் 0.044-தான், இருக்க வேண்டியதைவிடக் கம்மி. அப்படியும் லோடு 171 ஏறுதுன்னா வேற யாரோ பீமைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். எனக்கு ரெண்டு ஆள் மேல சந்தேகம்.

முதல் ஆள் சப்போர்ட். ரெண்டு முனையிலும் அடி நோடை எல்லாத் திசையிலும் பூட்டியிருக்கீங்க. பீம் வளையும்போது அடிப்பக்கம் நீளணும், முனை வெளியே நகரணும். நீங்க விடல. அப்ப சப்போர்ட் உள்நோக்கித் தள்ளுது. அது பீமுக்குப் பிரஸ்ட்ரெஸ் (முன்கூட்டியே அமுக்கம்) கொடுத்த மாதிரி. மேலே வளைவு, கீழே பூட்டு, பீம் ஆர்ச் ஆயிட்டு. ஷியர் விரிசல் திறக்க வழியே இல்ல. ஆய்வகத்தில் ஒரு பக்கம் உருளை இருந்திருக்கும்லா? அதையே மாடலிலும் வைங்க. 100 அகலம், 25 கனத்தில் இரும்புப் பிளேட் போட்டு, பிளேட்டின் அடியில் நடுக்கோட்டு நோடுகளை மட்டும் பிடிங்க. அப்பத்தான் பிளேட் சுழலும். ஒரு முனையில் நீளவாக்கில் விட்டுடுங்க. ஓட்டின பிறகு கிடைமட்ட ரியாக்ஷனை (சப்போர்ட் திருப்பித் தள்ளுத விசை) பாருங்க, பூச்சியம் இல்லன்னா அந்த ஓட்டம் செல்லாது. லோடு இடத்திலும் பிளேட் வேணும். நோடில் நேரா குத்தினா அந்த எலிமெண்ட் மட்டும் நசுங்கும்.

ரெண்டாவது ஆள் விஸ்காசிட்டி. 0.005-ன்னு பார்த்தா சின்ன எண்ணாத்தான் தெரியும். உங்க ஸ்டெப் நேரம் (லோடு முழுசா ஏறுத கணக்கு நேரம்) 1 தானே? உச்சத்துக்குப் பக்கத்தில் சாய்வு விரிசல் அந்த 1-இல் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கிழியும். 0.005 அதில் பாதி. அதனால விரிசல் கிழிய வேண்டிய நேரத்தில் பசை மாதிரி இழுத்துப் பிடிக்கும், பக்கத்து எலிமெண்டுகளுக்கும் சேதத்தைப் பரப்பும். அடி முழுக்கச் சிவப்பா தெரியுததுக்கு இது ஒரு காரணம். 0.005, 0.0005, 0.00005 மூணும் ஓட்டுங்க. கடைசி ரெண்டுக்கும் உச்ச லோடு ஒண்ணா வந்தாத்தான் அந்த எண்ணை நம்பலாம். எண்ணைத் தொடாம ஸ்டெப் நேரத்தை 1-இல் இருந்து 100 ஆக்கினாலும் அதே பலன்.

விசையா லோடு கொடுத்தா உச்சத்தைத் தாண்ட முடியாது, நின்னுதான் போகும். நின்ன இடம் பீம் உடைஞ்ச இடமா, கணக்கு முட்டின இடமான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. இடப்பெயர்ச்சியா கொடுங்க. ரெண்டு பிளேட்டையும் ஒரே அளவு அமுக்கி ரியாக்ஷனைக் கூட்டிக்கோங்க. ரெண்டு பக்கமும் கட்டாயம் ஒரே அளவு இறங்கணும்னு இல்லாம இருக்க, சோதனையில் மாதிரி மேலே ஒரு பரப்புபீம் வச்சு அதன் நடுவை அமுக்கினா இன்னும் நல்லது.

அப்படியும் நின்னா எக்ஸ்பிளிசிட் (நேரத்தைச் சின்னச் சின்ன அடியா நகர்த்துத முறை) போங்க. உங்க பீமுக்கு விரிசலுக்கு முன்னால முதல் அதிர்வுக் காலம் 0.011 விநாடி வாக்கில் வருது. விரிசல் விழுந்தா இன்னும் நீளும். அதனால லோடு நேரம் 0.3-இல் இருந்து 0.5 விநாடி, ஸ்மூத் ஸ்டெப்பில் (திடீர்னு குத்தாம மெதுவா ஏத்துதது). இயக்க ஆற்றல், உள் ஆற்றலில் 5 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு பார்க்கணும். உடையுத நொடியில் அது எகிறும், அது சகஜம். அதுக்கு முன்னாலயே எகிறினா வேகம் ஜாஸ்தி. மி.மீ., நியூட்டன் வச்சா அடர்த்தி டன்னில் போகணும்: 2.4 பெருக்கல் பத்தின் மைனஸ் 9 அடுக்கு. இங்க பூச்சியம் ஒண்ணு தவறினா ஒண்ணும் ஒட்டாது.

50 மெஷ்ஷில் ஆழத்துக்கு ஏழு எலிமெண்ட்தான் வரும். சி3டி8ஆருக்கு ஒரே ஒரு கணக்குப் புள்ளி. 25-ஐ அடிப்படையா வச்சுக்கோங்க.


பாளை_பீம்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. சப்போர்ட்டை விட்டதும் பெரிய மாற்றம். கிடைமட்ட ரியாக்ஷன் முன்ன எவ்வளவு இருந்ததுன்னு திரும்பப் பார்த்தேன், ஒரு பக்கத்துக்கு 60 கே.என்.-க்கு மேல!

இப்ப எல்லாம் மாத்தி (0.133, விஸ்காசிட்டி 0.00005): 50 மெஷ் 137, 25 மெஷ் 131, 12.5 மெஷ் 130. முறிவு ஆற்றல் 0.07 போட்டா 25 மெஷ்ஷில் 112. சாய்வு விரிசல் தெளிவா வருது, ஆனா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல. ரெண்டு சந்தேகம். நேரம் மிச்சம் பிடிக்கப் பாதி மாடல் போடலாமா? விரிசல் அகலத்தை மாடலில் இருந்து எப்படி எடுக்க?


தாமிரபரணி_73:

பாதி மாடல் வேண்டாம். வளைவில் போகும் பீம் என்றால் சரி. ஷியரில் போகும் பீம் ஒரு பக்கம்தான் உடையும், மறுபக்கம் உடனே தளர்ந்து மூடிக்கொள்ளும். பாதி மாடலில் இரண்டு பக்கமும் சேர்ந்து கிழிந்தாக வேண்டும். அதனால் உச்சத்துக்குப் பிந்தைய பகுதி பொய்யாகவே வரும். முழு மாடலிலும் உங்களுக்கு இரண்டு பக்கமும் வருவது, எல்லா எண்ணும் இம்மியும் பிசகாமல் சமமாக இருப்பதால். இடது ஷியர் பகுதியில் ஒரு வரிசை எலிமெண்டுக்கு மட்டும் இழுவை வலிமையை 2.2-இல் இருந்து 2.1 ஆக்குங்கள். விரிசல் ஒரு பக்கம் சாயும்.

விரிசல் அகலத்துக்கு, டேமேஜ் படத்தை நம்பவேண்டாம். அது 0.03 மி.மீ. விரிசலையும் 0.3 மி.மீ. விரிசலையும் ஏறக்குறைய ஒரே சிவப்பில் காட்டும். அதிகபட்ச முதன்மை பிளாஸ்டிக் ஸ்ட்ரெயினை எடுத்து எலிமெண்ட் அகலத்தால் பெருக்குங்கள். 25 மெஷ்ஷில் 0.008 என்றால் 0.2 மி.மீ. விரிசல் இரண்டு வரிசையில் பரவியிருந்தால் குறுக்காக இரண்டையும் கூட்டவேண்டும். படத்தின் கீழ் எல்லையை 0.05 மி.மீ.க்கு ஈடான ஸ்ட்ரெயினில் வையுங்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவு ஏறக்குறைய அதுதான், சோதனைப் புகைப்படத்தோடு அப்போதுதான் ஒப்பிட முடியும்.

மிச்சமிருக்கும் 131-க்கும் 118-க்கும் நடுவே இரண்டைப் பாருங்கள். ஒன்று டைலேஷன் 38. சாய்வு விரிசல் நழுவும்போது மாடல் பக்கவாட்டில் எவ்வளவு புடைக்கிறது என்பதை அந்தக் கோணம் முடிவு செய்கிறது. புடைப்பைச் சுற்றியுள்ள கான்கிரீட் நெருக்கும், நெருக்கினால் வலிமை கூடும். 30, 35, 38 மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். ஸ்டிரப் இருக்கும் பீமில் இதன் விளைவு இன்னும் பெரிது.

மற்றது கம்பிப் பிடிப்பு. எம்பெடட் என்றால் கம்பி நூலிழையும் நழுவாது. விரிசல் இடைவெளியும் அகலமும் அதனால் உண்மையைவிடச் சிறிதாக வரும். நல்ல பிடிப்புள்ள கம்பிக்கு மாடல் கோடின் பிடிப்பு வளைவு: உச்சம் 2.5 பெருக்கல் சிலிண்டர் வலிமையின் வர்க்கமூலம், நழுவல் 1 மி.மீ.-இல் தொடங்கி 2 வரை அப்படியே, ஏறும் பகுதிக்கு 0.4 அடுக்கு. ஆனால் இது கம்பி நன்றாகச் சூழப்பட்டு உருவப்படும் நிலைக்கு. உங்கள் பீமில் மையத்தில் இருந்து அடிவரை 40, அதில் கம்பியின் ஆரம் 10 போனால் கவர் 30. ஸ்டிரப்பும் இல்லை. கவர் பிளந்துதான் போகும், ஆகவே உச்சத்தைக் குறைத்தே எடுக்கவேண்டும்.

முனையையும் பாருங்கள். சப்போர்ட் மையத்துக்கு அப்பால் கம்பி 150-தான். கொக்கி இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. 118-இல் ஒரு பக்க ஷியர் 59 கே.என். சாய்வு விரிசல் 45 பாகையில் சப்போர்ட் அருகே வரும்போது கம்பியில் ஏறக்குறைய அதே அளவு இழுவை முனையில் நிற்கும். மூன்று கம்பி, 150 நீளம், சுற்றளவோடு பெருக்கினால் பரப்பு 28,300 சதுர மி.மீ. பிடிப்பு அழுத்தம் 2.1 மெகாபாஸ்கல். ஐ.எஸ். 456-இன் எம்25 வடிவமைப்பு எண் 1.4, முறுக்குக் கம்பிக்கு 1.6 மடங்கு, 2.24. உடையாது, ஆனால் நழுவலே இல்லை என்றும் சொல்லமுடியாது. ஆய்வகத்தில் கம்பி முனையில் டயல் கேஜ் (நழுவலை அளக்கும் கருவி) வைத்திருந்தால் அந்த அளவீட்டைத் தேடி எடுங்கள்.

சப்போர்ட்டை ஒட்டிக் கம்பி மட்டத்தில் கிடையாக ஓடிய விரிசல் புகைப்படத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பிடிப்பு உடைந்த கதை அது, எம்பெடட் மாடலில் அது எப்போதும் வராது.

நசுங்கும் பக்கத்துக்கும் ஆற்றல் அளவு வேண்டும், அதை யாரும் தொடவில்லை. இழுவை ஆற்றலின் 250 மடங்கு என்று எடுக்கும் வழக்கம் உண்டு, உங்களுக்கு 33 நியூட்டன்/மி.மீ. லோடு பிளேட்டுக்குக் கீழே விரிசல் நுனி முட்டும் சின்ன இடத்தில் இது வேலை செய்யும்.


கரிசல்_கான்கிரீட்:

காற்றாலை அடித்தளத்தைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்த செட்டிங்கை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஒரு பீமுக்கு ஒட்டியது என்பது ஒரு புள்ளி வழியாகக் கோடு போட்டது மாதிரி. அதற்கு முன்னால் பிரெஸ்லரும் ஸ்கோர்டெலிஸும் 1963-இல் பெர்க்லியில் சோதித்த பீம்களை இதே எண் தேர்வு முறையில் ஓட்டுங்கள். ஸ்டிரப் இல்லாததும் இருப்பதும் அதில் உண்டு. வெக்கியோவும் ஷிம்மும் அதே தொகுதியைத் திரும்பச் செய்து 2004-இல் உச்சத்துக்குப் பிந்தைய வளைவையும் கொடுத்திருக்கிறார்கள். எண்களை மாற்றாமல் எல்லாப் பீமுக்கும் ஓட்டி, சோதனைக்கும் மாடலுக்கும் உள்ள விகிதம் எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்தால்தான் உங்கள் 131 என்பது எந்த அளவு நம்பத்தக்கது என்று தெரியும். அபாகஸ் உரிமம் கிடைக்காவிட்டால் ஓப்பன்சீஸ், கோட்-ஆஸ்டர் என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசம்.

அடித்தளத்தில் விஷயமே வேறு. இராதாபுரம், பணகுடிக் காற்றில் கோபுரம் ஆயுள் முழுக்கக் கோடிக்கணக்கான தடவை ஆடும். நீங்கள் ஓட்டுவது ஒரே ஒரு தடவை அமுக்கி உடைக்கும் கணக்கு. களைப்பு அதில் இல்லை. இரும்பு வளையம் புதைத்த பழைய வகை அடித்தளம் என்றால் வளையத்தின் அடி விளிம்பில் கான்கிரீட் சிறிது சிறிதாக நசுங்கி இடைவெளி விழும், மழைநீர் உள்ளே இறங்கினால் ஒவ்வொரு ஆட்டத்திலும் மாவு வெளியே வரும். இதை எம்பெடட், டை என்று ஒட்டிவைத்த மாடல் காட்டவே காட்டாது. வளையத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே உராய்வுள்ள, பிரியக்கூடிய தொடுமுகம் வேண்டும்.

மெஷ் பற்றியும் ஒரு சொல். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்டாவங்கர் அருகே ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியது. மூன்று அறைகள் கூடும் மூலையில் எலிமெண்டுகள் பெரிதாகவும் கோணலாகவும் இருந்ததால், சுவரின் ஷியர் 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. அந்த இடத்தில் கம்பியின் முனைப் பிடிப்பும் போதவில்லை. பிறகு சரியான மெஷ்ஷில் பார்த்தபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று கணக்கு சொன்னது. உடைந்தது 65 மீட்டரில். அது நேர்கோட்டுக் கணக்குதான், விரிசல் மாடலே இல்லை.

அடித்தளத்துக்கு முதலில் ஒரு நேர்கோட்டு மாடல், மூலையில் ஷியர் விசையை வெட்டுமுகத்தில் கூட்டிக் கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். அது 5 சதவீதத்துக்குள் வந்த பிறகு சி.டி.பி.-க்கு வாருங்கள். கொக்கி விவரத்தையும் அந்தக் கிடை விரிசல் புகைப்படத்தையும் இங்கே போடுங்கள், பிடிப்பு எண்ணை அதை வைத்து முடிவு செய்யலாம்.